பொடியில் எது எத்தனை சதவீதம் என்று கேட்கிறார்கள், எதுவரை சொல்வது?

#1 பொடிவீடு (ஈரோடு)

வணக்கம். ஈரோட்டில் வீட்டிலேயே பொடி செய்து விற்கிறேன். இட்லிப் பொடி, கறிவேப்பிலைப் பொடி, குழம்பு மிளகாய்த் தூள், கொஞ்சம் தக்காளித் தொக்கு. ஆறு வருடமாகிறது. எஃப்எஸ்எஸ்ஏஐ (மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) பதிவு வாங்கியிருக்கிறேன். செய்முறை மாமியாருடையது, அங்கங்கே நான் கை வைத்திருக்கிறேன்.

இந்த மாதம் இரண்டு பேர் ஏறக்குறைய ஒரே கேள்வியைக் கேட்டார்கள். முதல் ஆள் கோவையில் இயற்கை அங்காடி வைத்திருப்பவர். மாதம் 40 கிலோ எடுக்கிறேன் என்கிறார். ஆனால் ஒரு படிவம் அனுப்பியிருக்கிறார்: ஒவ்வொரு பொடியிலும் எந்தப் பொருள் எத்தனை சதவீதம் என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டுமாம். "கஸ்டமர்கள் கேட்கிறார்கள் மேடம்" என்பது காரணம். எனக்கு ஏற்கெனவே சூடு பட்டிருக்கிறது. இரண்டு வருடம் முன்னால் வேறொரு கடைக்கு இதே மாதிரி எழுதிக் கொடுத்தேன். நாலு மாதத்தில் ஆர்டர் நின்றது. அதே அலமாரியில் அவர்கள் ஸ்டிக்கரோடு இட்லிப் பொடி வந்தது, கால் கிலோவுக்கு 30 ரூபாய் குறைவாக.

இரண்டாவது ஒரு அம்மா, போனில். அவர் பையனுக்குக் கோதுமை துளியும் ஆகாது. "உங்கள் இட்லிப் பொடியில் கோதுமை இருக்கிறதா, இருந்தால் எவ்வளவு?" என்றார். நான் சிரித்துவிட்டேன். இட்லிப் பொடியில் யாராவது கோதுமை போடுவார்களா என்றேன். அவர் சிரிக்கவில்லை. "பெருங்காயம் எந்த வகை?" என்று கேட்டார். போனைக் காதில் வைத்துக்கொண்டே டப்பாவைத் திருப்பிப் பார்த்தேன். முதல் பெயரே மைதா. அப்புறம் வேலம் பிசின். மூன்றாவதாகத்தான் பெருங்காயம்.

ஆறு வருடமாக ரகசியம் காப்பாற்றிய எனக்கே என் பொடியில் என்ன இருக்கிறது என்று தெரியவில்லை! சொல்லுங்கள், எதைச் சொல்வது, எதை வைத்துக்கொள்வது?

#2 சும்மாவந்தவன்

நான் வாங்குகிற ஆள், விற்கிற ஆள் இல்லை. அதனால் கசப்பாகவே சொல்கிறேன். "குடும்ப ரகசியம்" என்று பாக்கெட்டில் போடுகிறவர்களில் பாதிப் பேர் மறைப்பது பொட்டுக்கடலையைத்தான். எள்ளும் உளுந்தும் விற்கிற விலையில், பொட்டுக்கடலையையும் அரிசியையும் போட்டு அளவு ஏற்றி, காரத்தையும் உப்பையும் தூக்கிவிட்டால் நாக்குக்குத் தெரியாது. கிலோ 500 ரூபாய் கொடுக்கிற எனக்கு அதில் உளுந்து பாதியா, காலா என்று தெரிய வேண்டாமா?

அக்கா, உங்களைச் சொல்லவில்லை. ஆனால் உங்களை மாதிரி ஆட்கள் வாயை மூடிக்கொண்டிருப்பதால்தான் அந்த ஆட்களுக்கும் மூடிக்கொள்ள வசதியாக இருக்கிறது.

#3 மாயவரம்காப்பி

எங்கள் தொழிலில் இந்தச் சண்டை எப்போதோ முடிந்துவிட்டது. காப்பியில் சிக்கரி கலந்து பாக்கெட் போட்டால் "இந்தக் கலவையில் காப்பி இத்தனை சதவீதம், சிக்கரி இத்தனை சதவீதம்" என்று அச்சடித்தே ஆக வேண்டும், சட்டம். காப்பி 51 சதவீதத்துக்குக் கீழே போகக் கூடாது. கடையில் வறுத்து அரைத்துக் கொடுக்கும்போது வாடிக்கையாளரே உத்தரவு போடுகிறார். "கால் கிலோ, எண்பது-இருபது, பீபரி பாதி போடுங்க." எதிர் கடைக்காரர் வாசலில் நின்றுகொண்டு இதைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்.

எங்கள் அப்பா காலத்திலிருந்து ஒரு வீட்டுக்கு அதே எண்பது-இருபது போகிறது. பையன் கல்யாணமாகி அடுத்த தெருவில் குடிபோனான், அங்கே ஒரு கடையில் அதே கணக்கு சொல்லி வாங்கினான், இரண்டாவது வாரம் திரும்பி வந்துவிட்டான். கொட்டை எந்தத் தோட்டம், பிளான்டேஷன் ஏ எத்தனை, ராபஸ்டா எத்தனை, வறுக்கும்போது எந்த நிறத்தில் கொட்டுகிறோம், கொட்டியதும் எவ்வளவு வேகமாக ஆற வைக்கிறோம், எல்லாம் அந்த "எண்பது"க்குள்ளே இருக்கிறது. சட்டம் எண்பதைத்தான் கேட்கிறது. எண்பதுக்குள்ளே எட்டிப் பார்க்கவில்லை.

#4 உணவுநுட்பம்

உணவுத் தொழில்நுட்பம் படித்து லேபிள் சரிபார்க்கிற வேலையில் இருக்கிறேன். சட்டம் என்ன கேட்கிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம், ஏனென்றால் பலரும் கேட்காததைக் கொடுத்துவிட்டுக் கேட்டதை விட்டுவிடுகிறார்கள்.

2020இல் வந்த லேபிள் விதிமுறைகள்படி, சேர்மானங்களை எடை அதிகமானதிலிருந்து குறைவானதற்கு இறங்குவரிசையில் எழுத வேண்டும். தயாரிக்கும் நேரத்து எடை. வரிசை கட்டாயம், எல்லாவற்றுக்கும் சதவீதம் கட்டாயமில்லை. சதவீதம் எப்போது என்றால், ஒரு பொருளை லேபிளில் சொல்லிலோ படத்திலோ முன்னிறுத்தினால். "எள் நிறைந்தது" என்று போட்டாலோ, பாதாம் படம் போட்டாலோ, அது எத்தனை சதவீதம் என்று சொல்ல வேண்டும். வாசனைக்காகத் துளி சேர்ப்பதற்கு இது பொருந்தாது. கறிவேப்பிலைப் பொடி என்று பெயர் வைத்துக் கொத்துக் கறிவேப்பிலை படமும் போட்டிருக்கிறீர்கள் என்றால், அக்கா, கறிவேப்பிலைக்குச் சதவீதம் உண்டு.

சில பொருள்களுக்குத் தனி விதி. காப்பி-சிக்கரியை மேலே சொல்லிவிட்டார். கலப்பு எண்ணெய் என்றால் எந்த எண்ணெய் எத்தனை சதவீதம் என்று எழுத வேண்டும், ஒவ்வொன்றும் 20க்குக் குறையக் கூடாது. கறிப்பொடி என்ற பெயரில் விற்றால் மசாலாப் பொருள்கள் 85 சதவீதமாவது இருக்க வேண்டும். கூட்டுப் பெருங்காயத்தில் மாவு ஏறக்குறைய எவ்வளவு என்பதை டப்பாவில் சொல்ல வேண்டும். நீங்கள் பார்த்த மைதா அப்படி வந்ததுதான்.

இப்போது சிக்கலான இடம். பெருங்காயம் உங்கள் பொடியில் ஒரு சதவீதம் இருக்குமா? அதுவே பல பொருள் சேர்ந்த கூட்டுப் பொருள். மொத்தத்தில் 5 சதவீதத்துக்குக் குறைவாக இருந்தால் அதன் உட்பொருளைப் பிரித்து எழுத வேண்டியதில்லை என்று ஒரு சலுகை உண்டு. பலர் அதை நம்பி "பெருங்காயம்" என்று ஒரு சொல்லோடு நிறுத்துவார்கள். ஆனால் ஒவ்வாமைப் பொருளுக்கு அந்தச் சலுகை கிடையாது. கோதுமை, பால், முட்டை, மீன், இறால்-நண்டு வகை, நிலக்கடலை, முந்திரி-பாதாம் வகை, சோயா, ஓர் அளவுக்கு மேல் சல்ஃபைட் (கெடாமலிருக்கச் சேர்ப்பது): இவை துளி இருந்தாலும் தனியாகச் சொல்ல வேண்டும். அந்த அம்மா கேட்ட கேள்விக்குப் பதில் ஏற்கெனவே உங்கள் லேபிளில் இருந்திருக்க வேண்டும்.

கடைக்காரர் படிவம் கேட்பது வியாபாரம். அதற்கும் சட்டத்துக்கும் சம்பந்தமில்லை.

#5 மாஸ்டர்_திண்டுக்கல்

பிரியாணி மாஸ்டர் பேசுகிறேன், எழுத்துப் பிழை பொறுத்துக்கொள்ளுங்கள். நான் வேலை பார்த்த கடையில் மசாலாவை முதலாளி வீட்டம்மாதான் அரைப்பார்கள். அண்டாவுக்கு ஒரு பொட்டலம் என்று கட்டி வரும். பிரிப்போம், கொட்டுவோம், பொட்டலத்துத் தாளைக்கூடத் திருப்பி எடுத்துப் போய்விடுவார்கள். பத்து வருஷம். மூக்கு என்ன சும்மாவா இருக்கும்? பட்டை, கிராம்பு, ஏலம், ஜாதிபத்திரி, அன்னாசிப்பூ, எல்லாம் கணக்கு எனக்குத் தெரிந்துபோனது. தனியாகக் கடை போட்டேன். அதே பொட்டலம் போட்டேன், அதே சீரக சம்பா.

வரவில்லை. வாசனை வந்தது, அந்த ருசி வரவில்லை. ஒரு வருஷம் கழித்துத்தான் புரிந்தது, அங்கே கறி வாங்குகிற ஆள் வேறு, விடிகாலை மூன்று மணிக்குப் போய் நின்று வாங்குவான். நான் ஆறு மணிக்குப் போனேன். பொட்டலத்தைப் பூட்டி வைத்தார்கள், கறிக்கடைக்குப் போகிற ஆளை யாரும் பூட்டி வைக்கவில்லை.

#6 சும்மாவந்தவன்

மாஸ்டர் அண்ணே, கதை அருமை. ஆனால் பெரிய கம்பெனிகள் ஏன் உயிரைக் கொடுத்து மறைக்கின்றன? கோகோ கோலா 1977இல் ஃபார்முலாவைக் கொடுக்க மாட்டோம் என்று நாட்டை விட்டே போனதே!

#7 கீழ்க்கோர்ட்

பாதிதான் சரி தம்பி. 1973 அந்நியச் செலாவணிச் சட்டப்படி வெளிநாட்டுக் கம்பெனிகள் தங்கள் பங்கை 40 சதவீதமாகக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்றார்கள். கோகோ கோலாவிடம் தொழில்நுட்பத்தையும் இந்தியக் கம்பெனியிடம் கொடு என்றார்கள். அப்போது ஜார்ஜ் ஃபெர்னாண்டஸ் தொழில்துறை அமைச்சர். பங்கும் போச்சு, ரகசியமும் போச்சு என்றால் எதற்கு இருப்பது என்று கிளம்பினார்கள். 1993இல் திரும்பி வந்தார்கள். நடுவில் அரசு நிறுவனமே "77" என்று ஒரு கோலா விற்றது, அந்தப் பெயரே 1977ஐ வைத்துத்தான். ருசி பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை.

பொடிவீடு அம்மாவுக்குச் சட்டப் பக்கம். செய்முறைக்குக் காப்புரிமை வாங்கலாமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். 1970ஆம் வருடக் காப்புரிமைச் சட்டம் 3(இ) பிரிவில், பொருள்களை வெறுமனே கலப்பது கண்டுபிடிப்பு ஆகாது என்று இருக்கிறது. தப்பித் தவறிக் கிடைத்தாலும் 20 வருடம்தான், அதற்கு விலையாகச் செய்முறையை ஊருக்கே எழுதிக் கொடுக்க வேண்டும். புவிசார் குறியீட்டிலும் செய்முறையை விண்ணப்பத்தில் விவரிக்க வேண்டும், அது இதழில் வெளியாகும். பழனிப் பஞ்சாமிர்தத்துக்கு 2019இல் கிடைத்தது, மணப்பாறை முறுக்குக்கு 2023இல். அங்கே காக்கப்படுவது ஊரின் பெயர், செய்முறை திறந்த புத்தகம்.

வணிக ரகசியத்துக்கென்று நம் நாட்டில் தனிச் சட்டம் இல்லை. 2024 மார்ச்சில் சட்ட ஆணையம் தன் 289ஆவது அறிக்கையில் ஒன்று கொண்டுவரச் சொன்னது. அதுவரை ஒப்பந்தம்தான் ஆயுதம். உங்கள் பழைய கடைக்காரரிடம் ஒரு தாளில்கூடக் கையெழுத்து வாங்கவில்லை என்று நினைக்கிறேன். வாங்கியிருந்தால் "இந்த விவரத்தை வேறு எதற்கும் பயன்படுத்த மாட்டேன்" என்ற ஒரு வரி போதும், நோட்டீஸாவது விட்டிருக்கலாம். ஆனால் "நீ இட்லிப் பொடியே செய்யக் கூடாது" என்று எழுதி வாங்கினால் நிற்காது. 1872 ஒப்பந்தச் சட்டம் 27ஆவது பிரிவு, தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது.

#8 நிலாஅம்மா

என் பெண்ணுக்கு சீலியாக் நோய், கோதுமையில் இருக்கும் குளூட்டன் என்ற புரதம் துளியும் ஆகாது. பொடிவீடு அக்காவுக்குப் போன் செய்தது நான் இல்லை, ஆனால் நானாகவும் இருந்திருக்கலாம். இந்தப் போனை நான் நூறு பேருக்காவது போட்டிருப்பேன்.

இங்கே எல்லோரும் ரகசியம், திருட்டு என்று பேசுகிறீர்கள். எனக்கு உங்கள் உளுந்து எத்தனை சதவீதம் என்பது வேண்டவே வேண்டாம். எனக்கு வேண்டியது இரண்டே விஷயம். பெருங்காயத்தில் மைதாவா, அரிசி மாவா? எந்த மில்லில் அரைத்தீர்கள்?

இரண்டாவது கேள்வியைக் கேட்டதும் எல்லோரும் போனை வைக்கப் பார்ப்பார்கள். மில்லில் என்ன நடக்கும் என்று நமக்கெல்லாம் தெரியும். மிளகாய் அரைத்த பிறகு நம் மாவைப் போட்டால் காரம் ஏறிவிடும் என்று சண்டை போடுவோம், முதலில் ஒரு பிடி அரிசியைப் போட்டு ஓட்டிவிட்டுப் போடுங்கள் என்போம். கோதுமை அரைத்த மிஷினில் அரைத்தால் யாரும் சண்டை போடுவதில்லை, ஏனென்றால் கோதுமை தெரியாது, மணக்காது. என் பெண்ணுக்கு மட்டும் வயிற்றில் தெரியும். "குளூட்டன் இல்லாதது" என்று லேபிளில் போட வேண்டுமென்றால் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. இதை மில்காரரிடம் சொன்னால் நம்மை மேலும் கீழும் பார்ப்பார்.

#9 பொடிவீடு (ஈரோடு)

நிலாஅம்மா, உங்கள் பதிவைப் படித்துவிட்டு நேற்று மில்லுக்குப் போய் ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். ஆறு வருடமாகப் போகிற இடம், தூக்குவாளியை வைத்துவிட்டுக் காய்கறி வாங்கப் போய்விடுவேன். நேற்றுத்தான் பார்த்தேன். காரத்துக்கு ஒரு மிஷின், மாவுக்கு ஒரு மிஷின் என்று பிரித்துத்தான் வைத்திருக்கிறார். ஆனால் இட்லிப் பொடி எதில் போகிறது தெரியுமா? மிளகாய் குறைவு, பருப்பு அதிகம் என்பதால் மாவு மிஷினில். எனக்கு முன்னால் ஒருவர் பத்து கிலோ கோதுமை அரைத்துக்கொண்டு போனார். துணிக் குழாயை அண்ணன் இரண்டு தட்டு தட்டினார். வெள்ளையாகப் புகை மாதிரி வந்தது. அடுத்து என் பொடி.

இன்னொன்று. கடைக்காரருக்கு விகிதம் தரமாட்டேன் என்று நான் குதிக்கிறேன், அந்த மில் அண்ணனுக்கு என் பொடியின் ஜாதகமே தெரியும். வாளியில் மேலாகப் பார்த்தே "இந்தத் தடவை எள்ளு கம்மியா இருக்குதுங்களே" என்பார்! 🙂

#10 கணக்குவாத்தி

பள்ளியில் கணக்கு எடுக்கிறேன். நீங்கள் எல்லோரும் ஒன்றை மறந்துவிட்டீர்கள். கேட்காமலே கண்டுபிடிக்கலாம்.

வீட்டில் ஒரு இட்லிப் பொடி பாக்கெட் இருந்தது (எந்தக் கம்பெனி என்பது வேண்டாம்). சேர்மானம்: உளுத்தம்பருப்பு 40%, கடலைப்பருப்பு, மிளகாய், எள், உப்பு, பெருங்காயம். பின்பக்கம் சத்து அட்டவணை: 100 கிராமில் சோடியம் 2,400 மில்லிகிராம், கொழுப்பு 9 கிராம்.

உப்பில் ஐந்தில் இரண்டு பங்கு சோடியம். ஆக உப்பு 6 கிராம். அடுத்து கொழுப்பு. உளுந்தில் கொழுப்பு ஒன்றரை சதவீதம், 40 கிராமுக்கு 0.6. கடலைப்பருப்பில் ஐந்து சதவீதம், 25 கிராம் என்று வைத்தால் 1.25. மிளகாயில் ஆறு சதவீதம், 14 கிராமுக்கு 0.85. மொத்தம் 2.7. மீதி 6.3 கிராம் எங்கிருந்து வரும்? எள்ளிலிருந்துதான். எள்ளில் பாதி கொழுப்பு. ஆக எள் 12, 13 கிராம். 40, 25, 14, 12.5, 6 கூட்டினால் 97.5. மிச்சம் பெருங்காயம், அதோடு கை தவறல். கடலையையும் மிளகாயையும் நான் ஊகித்துத்தான் வைத்தேன், ஆனால் இறங்குவரிசை என்பதால் ரொம்ப தூரம் ஓட முடியாது. கடலை 40க்கு மேல் போகாது, மிளகாய் எள்ளுக்குக் கீழே போகாது.

சதவீதத்தை மறைத்துவிட்டு சத்து அட்டவணையைப் போடுவது, கதவைப் பூட்டிவிட்டுச் சாவியை மாடத்தில் வைப்பது மாதிரி. ஞாயிற்றுக்கிழமை இதே கணக்கில் செய்து பார்த்துவிட்டு வந்து சொல்கிறேன்.

#11 ஈஸ்ட்ஹாம்_தூள்

லண்டனில் இருந்து. நாங்கள் யாழ்ப்பாணத்துத் தூள் இடிச்சு விற்கிறனாங்கள். கொத்தமல்லி, செத்தல் மிளகாய், பெருஞ்சீரகம், நற்சீரகம், மிளகு, வெந்தயம், மஞ்சள், கறிவேப்பிலை. உங்கட பிரச்சினை எங்களுக்கும் இருந்தது, ஆனால் இங்கே சட்டமே ஒரு சின்னக் கதவு திறந்து வைச்சிருக்கு. மசாலாக் கலவையில் எந்த ஒன்றும் பெரிதாகத் தூக்கி நிற்காவிட்டால், வரிசையைக் கலைச்சுப் போட்டு "மாறுபடும் விகிதத்தில்" என்று எழுதலாம். இரண்டு சதவீதத்துக்குக் குறைந்த சாமான்களையும் கடைசியில் எந்த வரிசையிலும் போடலாம். எங்கட தூளில் மல்லியும் மிளகாயும் தூக்கி நிற்கிறபடியால் முதல் கதவு எங்களுக்கு உதவவில்லை, இரண்டாவது உதவிச்சுது. வெந்தயம் முந்தியா மிளகு முந்தியா என்று ஒருத்தருக்கும் தெரியாது.

ஆனால் ஒவ்வாமை விஷயத்தில் ஒரு இரக்கமும் இல்லை. இங்கே 14 பொருள், அதில் எள்ளும் கடுகும் செலரியும் இருக்கு. தடித்த எழுத்து மாதிரி ஏதாவது செய்து தனியாகத் தெரியப் போட வேணும். அமெரிக்காவிலும் 2023 ஜனவரியில் இருந்து எள்ளைச் சேர்த்திட்டினம். அக்கா வெளிநாட்டுக்கு அனுப்புற எண்ணம் இருந்தால் எள்ளை இப்பவே தனியாகச் சொல்லப் பழகுங்கோ, இந்தியப் பட்டியலில் இல்லாவிட்டாலும்.

தொக்கு பற்றி ஒன்று. தக்காளி வத்தி வாற சாமான். இங்கே அதற்குச் சதவீதம் நூறுக்கு மேல போனால் எழுத விடமாட்டினம், "100 கிராம் தொக்குக்கு 180 கிராம் தக்காளி" என்று போட வேணும். எனக்கு அது பிடிச்சிருக்கு. படிக்கிற சனத்துக்கு உடனே விளங்கும்.

#12 சும்மாவந்தவன்

180 கிராம் தக்காளி என்று போட்டால் நான் கண்ணை மூடிக்கொண்டு வாங்குவேன். இதைத்தான் முதலிலிருந்து கேட்கிறேன்.

#13 உணவுநுட்பம்

ஈஸ்ட்ஹாம் சொன்னதை வைத்துக் கறிவேப்பிலைப் பொடிக்கு ஒரு எச்சரிக்கை. பச்சை இலை எடையைப் போட்டுச் சதவீதம் எழுதினால் பெரிதாகத் தெரியும், ஆசையாக இருக்கும். கிலோ இலை காம்பு ஆய்ந்து காய்ந்தால் கால் கிலோ, முன்னூறு கிராம் தேறும். காய்ந்த இலையைத்தான் கலவையில் சேர்க்கிறீர்கள் என்றால் அந்த எடையைத்தான் எழுத வேண்டும். பச்சை எடையைச் சொல்ல ஆசை இருந்தால் "இத்தனை கிராம் பச்சை இலையிலிருந்து" என்று தெளிவாகப் போடுங்கள். லேபிள் தவறு என்று வந்தால் 3 லட்சம் வரை அபராதம் இருக்கிறது.

#14 கணக்குவாத்தி

வாக்குமூலம். ஞாயிறு காலை தராசில் கிராம் கிராமாக நிறுத்து, உளுந்து, கடலை, மிளகாய், எள் நாலையும் ஒரே வாணலியில் போட்டேன். எள் வெடித்து அடுப்பெல்லாம் தெறித்தது. மிளகாய் கருகி வீட்டில் எல்லோரும் இருமினோம். உளுந்து சிவந்தபோது கடலை உள்ளே பச்சையாக இருந்தது. கடலை சிவந்தபோது உளுந்து கருப்பு. மிக்ஸியில் ஓட ஓட விட்டதில் எள் எண்ணெய் விட்டு எல்லாம் உருண்டையாகிவிட்டது. மனைவி தொட்டுப் பார்த்துவிட்டு "கணக்கு சரியா வந்திருக்கா?" என்று மட்டும் கேட்டார்.

மாயவரம் சார் சொன்ன எண்பதுக்குள்ளே இருப்பது என்ன என்று இப்போது தெரிகிறது.

#15 மாயவரம்காப்பி

வாத்தியார் சார், எள்ளைக் கடைசியில், அடுப்பை அணைத்துவிட்டு, அந்தச் சூட்டிலேயே போட வேண்டும். இதற்கு மேல் சொன்னால் பொடிவீடு அம்மா என் மேல் கேஸ் போடுவார்.

#16 பொடிவீடு (ஈரோடு)

எல்லோருக்கும் நன்றி. மூன்று வாரம் ஆகிவிட்டது, நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

கோவைக் கடைக்காரருக்குப் படிவத்தைப் பூர்த்தி செய்யவில்லை. அதற்குப் பதில் ஒரு தாள் அனுப்பினேன். இட்லிப் பொடியில் உளுந்து 40 சதவீதம், பொட்டுக்கடலையும் அரிசியும் இல்லை, உப்பு இவ்வளவு, எள் இருக்கிறது, நிறமி இல்லை. கறிவேப்பிலைப் பொடியில் காய்ந்த இலை இத்தனை சதவீதம். தொக்கில் 100 கிராமுக்கு இத்தனை கிராம் தக்காளி. மற்றவை வரிசைப்படி, எண் இல்லாமல். கீழே கீழ்க்கோர்ட் சார் சொன்ன ஒரு வரியைச் சேர்த்து, அவர் கையெழுத்துக்கு இடம் விட்டேன். ஒரு வாரம் பதில் இல்லை. சரி, போனால் போகிறது என்று இருந்தேன். அப்புறம் 40 கிலோ இல்லை, முதலில் 15 கிலோ அனுப்புங்கள் என்று வந்தது. கையெழுத்துப் போட்டிருந்தார். உளுந்து எண்ணைச் சொல்ல எனக்கு வயிற்றைக் கலக்கியது உண்மைதான், ஆனால் தம்பி சும்மாவந்தவன் சொன்ன ஆட்கள் அந்த எண்ணைப் போட முடியாது என்று நினைத்ததும் தைரியம் வந்தது.

பெருங்காயத்தை அரிசி மாவு சேர்த்த வகைக்கு மாற்றிவிட்டேன். விலை கொஞ்சம் கூடுதல், வாசனை வேறு மாதிரி இருக்கிறது, அளவைத் திரும்பப் பிடிக்க நாலு தடவை செய்து பார்த்தேன். மில் விஷயம்தான் சரி செய்ய முடியவில்லை. தனி மிஷின் வாங்க இப்போது வசதி இல்லை. அதனால் லேபிளில் "கோதுமை அரைக்கும் இயந்திரத்தில் அரைக்கப்பட்டது, கோதுமை கலந்திருக்கலாம்" என்று போட்டுவிட்டேன். என் வீட்டுக்காரர், "இதைப் படித்தால் நல்லா இருக்கிறவனும் வாங்க மாட்டான்" என்றார்.

அந்த அம்மாவுக்குப் போன் செய்து உங்களுக்கு என் பொடி வேண்டாம் என்று சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "வறுத்து அரைக்காமல் கொடுப்பீர்களா? நான் வீட்டு மிக்ஸியில் அரைத்துக்கொள்கிறேன்" என்றார். முழுசாக வந்தால் பருப்பைத் தாம்பாளத்தில் பரப்பி, கோதுமை மணி ஏதாவது ஒளிந்திருக்கிறதா என்று பொறுக்கியும் பார்த்துக்கொள்வாராம். இப்போது மாதம் ஒரு கிலோ அப்படிப் போகிறது. நிலாஅம்மா, உங்களுக்கும் வேண்டுமென்றால் தனிச் செய்தி அனுப்புங்கள்.

#17 கணக்குவாத்தி

அக்கா, அரைக்காமல் கொடுத்தால் உளுந்து தனி, கடலை தனி, எள் தனி என்று பிரித்துத் தராசில் வைத்துவிடலாமே! பதமும் கண்ணுக்குத் தெரியும். மறைக்க இனி என்ன இருக்கிறது?

#18 பொடிவீடு (ஈரோடு)

தெரியும் சார். கட்டும்போதே நினைத்தேன். அந்தப் பையன் ஒன்பது வயதில் முதல் தடவையாக இட்லிக்குப் பொடி தொட்டுச் சாப்பிட்டானாம்.

#19 கணக்குவாத்தி

அப்படியானால் எனக்கும் அரைக்காதது ஒரு கிலோ அனுப்புங்கள்.

#20 பொடிவீடு (ஈரோடு)

உங்களுக்கு அரைத்துத்தான் வரும்.